அஞ்சலையின் பெயரைக் கேட்ட மகனுக்கு

தம்பி,

இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ கெட்டிக்காரன். நான் பாதி சொல்வதற்குள் பதில் சொல்லி, சமாதானம் சொல்லி, சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுவாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கடையில் கூட்டம் ஓய்ந்த இந்த மத்தியான வேளையில், ஊராருக்கு மனு அடித்துக் கொடுக்கிற அதே கம்ப்யூட்டரில் உனக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். எதிரே தாலுகா ஆபீஸ் வாசலில் புங்க மர நிழல் சரிந்து கிடக்கிறது. வெயில் இன்னும் சித்திரை வெயில் மாதிரி அடிக்கிறது. ஐப்பசி பிறந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கிற இடத்தில் போடப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதுவதை ஊரே கேட்கிறது. நான் எழுதுவதையும் நாலு பேர் படிக்கட்டும்.

அடுத்த வாரம் நீ விமானம் ஏறுகிறாய். உலக நாடுகளெல்லாம் கூடி மாறிப்போன வெயிலையும் மழையையும் பற்றிப் பேசுகிற மாநாட்டுக்கு, அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிற உன் தலைவர் போகிறார். அவர் அங்கே வாசிக்கப்போகிற பேச்சை எழுதுகிறவன் நீ. உன்னைப் பெற்றபோது எனக்கு உன்னுடைய இப்போதைய வயதுகூட இல்லை. அந்த வயதில் நான் செஞ்சியைத் தாண்டியதில்லை. எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பேச்சின் நகலை நீ போனில் அனுப்பியபோது, மனு அடிக்க வந்தவர்களை உட்கார வைத்துவிட்டு முழுவதையும் படித்தேன். அழகாகத்தான் இருக்கிறது. நம் ஏரியில் தொடங்குகிறது. வெள்ளத்தில் வீட்டை இழந்த ஒரு பெண்ணில் தொடங்குகிறது. பிறகு நீயே கூப்பிட்டாய். "அம்மா, அஞ்சலை அக்காவோட பேரையும் போட்டோவையும் யூஸ் பண்ணிக்கலாமான்னு கேட்டுச் சொல்லும்மா. பேரு இருந்தாதான் கேக்கறவங்க மனசுல நிக்கும்" என்றாய். கேட்டுவிட்டேன். அவள் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன்னால், போன கார்த்திகையில் நடந்ததை நான் பார்த்தபடி சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நீ தலைவரின் காரில் வந்தாய், அதே காரில் போய்விட்டாய். ஊருக்குள் வந்த தண்ணீரை நீ பார்க்கவில்லை.

ஏரி நிறைந்திருக்கிற நாட்களில் காலை பஸ் கரையோரமாகப் போகும்போது நான் எப்போதும் ஜன்னல் பக்கம்தான் உட்காருவேன். அரைத்தூக்கத்தில் பார்த்தால் பஸ் தண்ணீரின் மேலேயே மிதந்து போகிறது போல இருக்கும். வானம் கீழே கிடக்கும். நாரைகள் வானத்துக்கு மேலே நடக்கும். கோடையில் அதே இடத்தில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள், கருவேல முள்ளுக்கு நடுவில் லாரித் தடம் ஓடும். சின்ன வயதில் நீ என்னைக் கேட்டாய், இவ்வளவு தண்ணீரும் எங்கே போய்விட்டு வருகிறது என்று. அது வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டு வருகிற ஆள் போல உனக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றும். இப்போதெல்லாம் அந்த ஆள் எப்போது வருவான், எவ்வளவு கோபத்தோடு வருவான் என்று யாருக்கும் தெரியவில்லை.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஓரத்தில் கல்லால் தாழ்வாகக் கட்டிவிட்டிருக்கும் இடத்தை நாங்கள் கோடி என்போம். ஏரி கோடி போகிறது என்று கேள்விப்பட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஊரே போய்ப் பார்க்கும். தேங்காய் உடைத்து, மஞ்சள் குங்குமம் தூவி, தண்ணீரில் பூ விடுவோம். போன வருஷம் கார்த்திகையில் கோடி போனது. உன் தலைவர் வந்து பூ தூவி, காலநிலை மாற்றத்தைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடு. பிறகு தேதி தள்ளிப்போனது. இடையில் மழை விட்டது, கோடியில் தண்ணீர் மெலிந்தது. நம் பஞ்சாயத்து பிரசிடெண்டுக்கு நீ போன் செய்தாய். தலைவர் பூ தூவும்போது தண்ணீர் பாய வேண்டும், படம் நன்றாக வர வேண்டும் என்றாய். அவ்வளவுதான் நீ சொன்னாய். மீதியை ஊரே பார்த்துக்கொண்டது. கோடியின் மேல் வரிசையாக மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரைத் தேக்கினார்கள். தலைவர் பூவை எடுக்கும்போது மூட்டைகளை உருவினால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பாயும் என்று திட்டம்.

உன் அப்பாவும் மூட்டை சுமந்தார். அவருக்குத் தலைவர் மேல் ஆசை ஒன்றும் இல்லை. ஏரிக்குக் கீழே நமக்கு நிலம் இருக்கிறது. "ஒரு அடி சேத்து நின்னா இன்னா கெட்டுப்போச்சு, நவரை நடவுக்கு ஆவும்ல" என்றார். பாசனம் செய்கிற எல்லோருக்கும் அந்தக் கணக்குத்தான். கரையில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். அவள் வீடு கரைக்கு அடியில் இருக்கிற தெருவில்.

"இன்னா பிரசிடெண்டே, இந்தக் கரை தாங்குமா?"

"அட நீ ஒண்ணு. தலைவரு வந்து போனதும் ஜல்தியா எடுத்துடுவோம்மே."

"வெக்கறதுக்கு இத்தினி பேரு வந்துக்கினு இருக்கீங்க. எடுக்கறதுக்கு எத்தினி பேரு வருவீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலைக்கு வாய் ஜாஸ்தி என்று உன் அப்பா என்னிடம் சொன்னார். கரை உடைந்தால் தண்ணீர் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நம் தெருவுக்கு வராது. அதனால்தான் அவ்வளவு சுலபமாகச் சிரிக்க முடிந்தது. இதை நான் பூசி மெழுகி எழுத விரும்பவில்லை.

தலைவர் தாமதமாக வந்தார். கரையில் பச்சைக் கம்பளம், இரண்டு பக்கமும் ஆளுயர விசிறிகள், பின்னால் புகை கக்கும் ஜெனரேட்டர். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. அவர் பேசப் பேசத் தூறல் விழுந்தது, அவர் தலைக்கு மேல் மட்டும் குடை விரிந்தது. ஒரு துளி மழையையும் வீணாக்காத தலைமுறை நாம் என்றார். பூமி நம்மிடம் கடன் கேட்கவில்லை, கருணை கேட்கிறது என்றார். அந்த வரியின் நடையை வைத்தே அது உன்னுடையது என்று கண்டுகொண்டேன், நானும் கை தட்டினேன். தாம்பாளம் நிறையச் சாமந்தி இதழ்கள். அவர் அள்ளி வீசியபோது நடுவில் இருந்த மூட்டைகளை மட்டும் உருவினார்கள். தண்ணீர் எழுந்து விழுந்தது. மஞ்சள் இதழ்கள் சில கோடியில் போயின, பெரும்பாலானவை காற்றில் திரும்பி ஏரிக்குள்ளேயே மிதந்தன. அந்தக் கணம் அழகாக இருந்தது. படம் நன்றாக வந்தது. பிறகு கார் கிளம்பியது, கூட்டம் காரின் பின்னால் ஓடியது. பிரசிடெண்ட் தலைவரோடு விழுப்புரம் போனார். மற்ற மூட்டைகளை எடுக்க அங்கே இருந்த ஏரி ஆபீஸ் சூப்பர்வைசரைக் கேட்டதற்கு, பஞ்சாயத்து வைத்ததைப் பஞ்சாயத்துதான் எடுக்க வேண்டும் என்றார். பஞ்சாயத்து கிளார்க்கைக் கேட்டதற்கு, ஏரி எங்களுடையது இல்லை என்றார். மழை வலுத்தது. அவரவர் வீட்டுக்குப் போய்விட்டோம்.

பொழுது விடிகிற நேரத்தில் கரை உடைந்தது. பெரிய சத்தத்தோடு உடையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கோடிக்குப் பக்கத்தில் மண் மெல்லக் கரைந்து, உட்கார்ந்து, ஒரு கதவு திறப்பது போலத் திறந்தது. அதற்குள் பக்கத்துத் தெருப் பையன்கள் தட்டி எழுப்பி, அஞ்சலையின் தெரு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. யாரும் சாகவில்லை. நான் இடுப்பளவு தண்ணீரில் அவளோடு அவள் வீட்டுக்குப் போனேன். பின்சுவர் இல்லை. அந்த இடைவெளி வழியாக வெளிச்சம் உள்ளே வந்து தண்ணீரின் மேல் ஆடியது. குண்டான் ஒன்று தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு தலையணை, ஒரு செருப்பு, ரேஷன் அரிசிப் பை. அவற்றுக்கு நடுவில் வீடு முழுக்கச் சாமந்தி இதழ்கள், ஏதோ விசேஷத்துக்கு அலங்காரம் செய்தது போல. இது கனவு என்று கொஞ்ச நேரம் நினைத்தேன். அஞ்சலை ஒரு இதழைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பூ போட்டுட்டுப் போயிருக்காரு பாரு" என்று மட்டும் சொன்னாள். அவளுடைய ஆடுகளைக் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் தலைவரின் அறிக்கை வந்தது. வரலாறு காணாத மழை, காலநிலை மாற்றத்தின் கோர முகம் என்று. கோர முகம் உன் சொல். பள்ளிக்கூட நாளிலிருந்தே அது உனக்குப் பிடித்த சொல். அந்த அறிக்கையில் மணல் மூட்டைகள் இல்லை. ஒரு பெரிய சொல்லைத் தூக்கி முன்னால் வைத்தாய், அதன் பின்னால் அத்தனை மூட்டைகளும் மறைந்துவிட்டன.

மழை மாறவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது உன்னைவிட நன்றாகத் தெரியும். ஒரே ஆள், ஒரே நிலம், ஒரே வருஷத்தில் முதலில் வறட்சிக்கு நிவாரணம் கேட்டு மனு அடித்துக்கொண்டு போகிறான், பிறகு வெள்ளத்துக்கு நிவாரணம் கேட்டு வருகிறான். சர்வே எண்ணைக்கூட நான் திரும்ப அடிப்பதில்லை, பழைய மனுவைத் திறந்து வறட்சியை அழித்துவிட்டு வெள்ளம் என்று போடுகிறேன். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குகிற நேரத்தில் மழை பெய்து காய் மண்ணுக்குள்ளேயே முளைக்கிறது. பனி பெய்ய வேண்டிய மாதத்தில் வியர்க்கிறது. எல்லாம் உண்மை. மழை இப்படி ஆகிவிட்டது என்றால் கரையை இன்னும் உயர்த்தி, இன்னும் பலமாகக் கட்ட வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். கட்டாமல் விட்டதற்கு மழையைச் சாட்சிக்குக் கூப்பிடுவது அயோக்கியத்தனம். உன் தலைவர் மட்டும் இல்லை, அந்த மாநாட்டுக்கு வருகிற பெரிய நாட்டுக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பூமி எரிகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள், எந்த ஆபீசில் எந்தத் தேதியில் யார் எதைச் செய்வார்கள் என்று ஒருவரும் சொல்வதில்லை.

நீ ஆறாவது படிக்கும்போது விழுப்புரத்தில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கினாய். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மரம் நடுவோம் என்று கையை நீட்டி நீட்டிப் பேசினாய். திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, நாம எங்க நடப்போறோம்?" என்று கேட்டாய். நான் பதில் சொல்வதற்குள் கண்டக்டர் சிரித்துக்கொண்டே, "தம்பி, அது பேச்சுக்குச் சொல்றதுப்பா" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். நீ முதலில் எங்கள் முகங்களைப் பார்த்தாய், பிறகு நீயும் சிரித்தாய். ஜன்னலுக்கு வெளியே முண்டியம்பாக்கத்துக் கரும்புக்காடு ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு குழந்தைக்கு இந்த நாடு கற்றுக்கொடுப்பதை ஒரு பஸ் முழுக்கச் சேர்ந்து கற்றுக்கொடுத்தோம்.

சரி, அஞ்சலையின் பதிலுக்கு வருகிறேன். நேற்றுக் காலையில் அவள் நடவு வயலில் இருந்தாள். கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி நடுகிறார்கள், மழையை நம்பி யாரும் இல்லை. வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். பெண்களெல்லாம் நிமிர்ந்துவிட்டார்கள்.

"அடியே அஞ்சலை, ஃபாரின் போற நீ. பாஸ்போட்டு எடுத்துட்டியா?" என்றாள் ஒருத்தி.

"நான் எங்கடி போறேன். பேருதான் பிளேன்ல போவுது. நான் இங்க சேத்துல நிக்கறேன்" என்ற அஞ்சலை, என்னைப் பார்த்து, "இன்னாக்கா, அங்க யாருல்லாம் கேப்பாங்க?" என்றாள்.

"பெரிய பெரிய நாட்டு ஆளுங்க."

"நம்ம ஏரி ஆபீசரு கேப்பாரா?"

"அவரு அங்க இருக்க மாட்டாருடி."

"அப்போ அங்க போயி இன்னாத்துக்குச் சொல்றாங்க?"

அவள் கையிலிருந்த நாற்று முடியைப் பிரித்து நட்டுக்கொண்டே கேட்டாள். "கரையப் பத்தி அதுல இன்னா எழுதிக்கீது?" நீ அனுப்பிய பேச்சில் இருந்ததை அப்படியே சொன்னேன். உடைந்த கரையை மீண்டும் எழுப்பினோம், அஞ்சலையின் தெருவுக்கு உறக்கத்தைத் திருப்பித் தந்தோம் என்று இருக்கிறது. நடவு நின்றது. கரை உடைந்த இடத்தில் சவுக்குக் கட்டை அடித்து மணல் மூட்டை போட்டு வைத்திருப்பது அத்தனை பேருக்கும் தெரியும். மூட்டைகள் வெயிலில் இற்றுப்போய் மண் கொட்டுகிறது. ஆடு ஏறினாலே சரிகிறது.

"அப்போ என் பேரக் குடுக்காதக்கா" என்றாள் அஞ்சலை. குரலில் கோபம் இல்லை. "கட்டியாச்சுன்னு என் பேரப் போட்டு அவரு ஊரறியப் படிச்சிட்டாருன்னு வையி, நாளைக்கு மறுபடியும் தண்ணி வந்தா நான் யாரப் போயி கேக்கறது? நீதான கட்டிட்டாங்கன்னு சொன்னன்னு என்னையே திருப்பிக் கேப்பாங்க." பிறகு குனிந்துகொண்டு சொன்னாள், "மொதல்ல கட்டட்டும். அதுக்கப்புறம் பேரு இன்னா, வூட்டு அட்ரஸே போட்டுக்கட்டும். உம் புள்ளய நான் வோணாம்னா சொல்லப்போறேன்?"

வரப்பில் திரும்பி நடக்கும்போது எனக்குக் காது சுட்டது. நேராகப் பஸ் ஏறி விழுப்புரம் போனேன், ஏரிகளைப் பார்க்கிற ஆபீசுக்கு. கரையைக் கட்டுவதற்கான மதிப்பீடு தயாராகிவிட்டதாம். அப்போதே சென்னைக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே இருந்த வயதான கிளார்க் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்து, கோப்பு எந்தக் கட்டடத்தில், அதன் இரண்டாவது மாடியில் எந்த மேசையில் நிற்கிறது என்று சொன்னார். கட்டடத்தின் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பையன் அங்கதான இருக்காரு? நாங்க கேட்டா நினைவூட்டுக் கடிதம்மா. ஒரு பத்தோட பதினொண்ணா வெச்சிடுவாங்க. அவரு போயி நின்னாருன்னா அன்னிக்கே கையெழுத்து."

திரும்புகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ரயில் நிலையத்துக்கு வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்துதான் உனக்குப் போன் செய்து, உன் ஆபீஸ் எத்தனையாவது மாடி என்று கேட்டேன். மூன்றாவது மாடி, ஏன்மா என்றாய். சும்மாதான் என்றேன். பேச்சுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாய். வண்டிகள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தன. வெயிலில் தண்டவாளங்களின் மேல் காற்று தண்ணீர் போல நெளிந்தது. கண்ணை மூடினால் உன் கட்டடம் தெரிந்தது. நம் ஏரி அதன் இரண்டாவது மாடியில் சத்தமில்லாமல் நிறைந்துகொண்டிருக்கிறது. மேசைகள் மிதக்கின்றன, காகிதங்கள் அல்லி இலை போல விரிந்து கிடக்கின்றன. அதற்கு நேர் மேலே, உலர்ந்த தரையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து நீ அந்த ஏரியைப் பற்றி எழுதுகிறாய். உன் பாதத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு தளம்தான் இருக்கிறது. நீ கீழே பார்ப்பதே இல்லை. லிப்டில் தினமும் அதைத் தாண்டிப் போகிறாய், வருகிறாய்.

வேலையை விட்டுவிட்டு வா என்று நான் சொல்லப்போவதில்லை. அது சினிமாவில் நடக்கிற காரியம். நீ வந்துவிட்டால் அந்த நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்து இன்னும் அழகாகப் பொய் எழுதுவான். நல்ல சொல் எழுதத் தெரிந்தவன் பெரியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது கெட்டதும் இல்லை. ஆனால் உன் சொல் எந்த மண்ணின் மேல் நிற்கிறது என்று நீ போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும். கடல் தாண்டிப் போய்ப் பேசுவதைவிட ஒரு மேசை முன்னால் நின்று பேசுவது உனக்குக் கூச்சமாக இருக்கும். இது என் வேலை இல்லை என்று தோன்றும். சூப்பர்வைசருக்கும் பஞ்சாயத்து கிளார்க்குக்கும் அப்படித்தான் தோன்றியது.

எழுதி முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது, காற்றில் முதல்முறையாக ஈர வாடை இருக்கிறது. வானிலை அறிக்கையில் வங்கக் கடலில் ஏதோ உருவாகிறது என்கிறார்கள். அஞ்சலையின் தெருவில் அரிசிப் பைகளைப் பரணுக்கு ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கூடி, சரிந்த இடத்துக்கு மண் கொட்டப் போகிறோம். உன் அப்பாதான் வீடு வீடாகப் போய் ஆள் கேட்கிறார். போன வருஷம் சிரித்தவர்களில் பாதிப் பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடை மண் ஒரு மழைக்குத் தாங்கும், இரண்டாவது மழைக்குத் தாங்காது. அதற்குக் கல்லும் சிமெண்டும் ஒரு கையெழுத்தும் வேண்டும்.

உன் பேச்சில் கரையை எழுப்பினோம் என்கிற அந்த ஒரு வரியை எடுத்துவிடு, இல்லையென்றால் அதை உண்மையாக்கு. விமானம் ஏறுவதற்கு முன்னால் ஒரு மாடி இறங்கு. கையெழுத்து ஆனதும் எனக்குப் போன் செய். நான் வயலுக்குப் போய் அஞ்சலையிடம் இன்னொரு தடவை கேட்கிறேன்.

அம்மா